தலைப்பிரசவம்: டில்லியிலா, தாய் வீட்டிலா?

சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாழையிலையும் தேடி டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வருகின்ற, கிட்வாய் நகர், சரோஜினி நகர் முதலிய அரசாங்கக் குடியிருப்புகளைச் சேர்ந்த இளம் தமிழ்த் தம்பதிகள் பலருக்கு, முதற் கர்ப்பம் உறுதியானதுமே எழுகின்ற விசாரம், பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்வதா, வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிடுவதா என்பதுதான். உறவினரின் மனஸ்தாபத்துக்கு அஞ்சி இதைத் தீர்மானிக்கலாகாது. நடுநிசியில் ரத்தப்போக்கு மிகுந்தாலும், குழந்தையின் இருதயத் துடிப்பு தளர்ந்தாலும், தாமதமின்றி சஸ்திர சிகிச்சை செய்யும் வைத்தியரும், மயக்க மருந்து நிபுணரும், ஏற்றுவதற்கு ரத்தமும் எங்கே ஆயத்தமாக இருக்கும் என்பதே முதற் கேள்வி. மற்ற சௌகரியங்கள் யாவும் அதற்குப் பிந்தியவை.

அந்த வகையில் இந்த மார்க்கெட்டைச் சுற்றி வாழ்வோர் பாக்கியசாலிகள். அரவிந்த மார்க்கத்தில் தெற்கே சிறிது தூரம் சென்றால், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கத் துருப்புகளுக்கென அமைக்கப்பட்டு 1954-இல் மத்திய சுகாதார அமைச்சின் வசம் வந்த ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரியும், 1956-இல் தோன்றிய எய்ம்ஸும் சாலையின் இருபுறமும் எதிரெதிராக நிற்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு எதற்கும் கட்டணம் கூடாதென்பது 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் விதி. ஜன நெருக்கடி அங்கே மிகுதி. ஹிந்தி சரளமாக வராத பெண் வலியின் நடுவே தன் குறையைச் சொல்லத் தடுமாறவும் நேரும். ஆயினும், ரத்த அழுத்தமோ, சர்க்கரையோ, இரட்டைக் கருவோ உள்ள கர்ப்பிணி அந்த நெருக்கடியைச் சகித்துக்கொண்டாவது இவ்விரண்டில் ஒன்றின் நிழலை விட்டு அகலாதிருப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

தனியார் ஆஸ்பத்திரியில் தனியறையும், நிதானமாகப் பேசும் வைத்தியரும் கிடைப்பார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 47 சிசேரியன்; அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 14. இத்தனை பெரிய வித்தியாசத்தைத் தாய்மாரின் உடல்நிலை ஒன்றே உண்டாக்கியிருக்குமென்று நம்புவதற்கில்லை. ஆதலால், முதற் பிரசவங்களில் எத்தனை கத்தியின்றி நடந்தன, இரவில் எந்த வைத்தியர் இருப்பார், பச்சிளங் குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மொத்தச் செலவை எழுதித் தருவார்களா, மத்திய அரசாங்க ஊழியருக்கான சி.ஜி.எச்.எஸ். சுகாதாரத் திட்ட அட்டை செல்லுமா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஊருக்குப் போனால் கத்தியிலிருந்து தப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதே ஆய்வில் டில்லியில் சிசேரியன் நூற்றுக்குச் சுமார் 24; தமிழ்நாட்டிலோ சுமார் 45. தாய் வீட்டின் மெய்யான லாபம் வேறு: பிள்ளை பெற்றபின் நாற்பது நாள் பத்தியமும், எண்ணெய்க் குளியலும், கவலையற்ற தூக்கமும். அதை நாடுவோர், 36 வாரத்துக்குப் பின் விமானத்தில் ஏற்றிக்கொள்வது அரிது என்பதையும், ரயிலில் பெரும்பாலும் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் கருதி, ஏழாம் மாதம் முடிவதற்குள், வைத்தியரின் சம்மதத்துடன், ஸ்கேன் உள்ளிட்ட எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். சேர்ந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாட்டில் தரப்படும் பிக்மி எண்ணைப் பெற வேண்டும். அங்கே பிறப்புச் சான்றிதழுக்கு அது அவசியம்.

மூன்றாவது மார்க்கமும் உண்டு. என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. பத்தியத்துக்கு வேண்டிய பூண்டும் சுக்கும் கீரையும் இந்த மார்க்கெட்டிலேயே கிடைக்கையில், தாயாருக்கு உடம்பில் தெம்பிருந்தால், மகளை அனுப்புவதைவிடத் தாயை வரவழைப்பது நலம். மாதந்தோறும் பார்த்த வைத்தியரே பிரசவமும் பார்க்கலாம், கணவனும் உடனிருக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் ஐந்தாம் மாதத்துக்குள் தேர்ந்து, பிரசவம் பார்க்கவிருக்கும் ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். தக்க காரணமின்றிக் கடைசி மாதத்தில் இடத்தை மாற்றாதீர்கள்.