டைட் வைப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

பின் பிரேக்கை எப்படி டைட் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அப்பா ஓட்டிய நூறு சிசி வண்டி. பிரேக் போட ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்கி மேலே வைக்க வேண்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் மாதாமாதம் டைட் வைத்தும் நிற்பதில்லை. இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. ஒரே நட்டைத் திருகி இரண்டையும் சரிசெய்யப் பார்ப்பதால்தான் ஒன்றும் சரியாகவில்லை.

முதலில் பெடலின் உயரம். எப்போதும் போடும் செருப்போடோ ஷூவோடோ வண்டியில் உட்காருங்கள். பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கும்போதே முன்பாதம் பெடலுக்கு நேர் மேலே, அதைத் தொடாமல் நிற்க வேண்டும். காலைத் தூக்கி வைக்க அரை நொடிதானே என்று தோன்றும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடிக்குள் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். பெடல் பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் வேறு வம்பு: கால் அதன் மேலேயே ஓய்வெடுக்கத் தொடங்கும். டிரம் சூடேறும், மைலேஜ் குறையும், பின்னால் சிவப்பு விளக்கு ஓயாமல் எரியும். நிஜமாக பிரேக் போடும்போது பின்னால் வருகிறவருக்கு அது தெரியாது.

பல வண்டிகளில் பெடல் வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டாப்பர் போல்ட்டும் லாக் நட்டும் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் திருப்பி உயரத்தை வைத்துக்கொண்டு, மறுபடி முடுக்கிவிடலாம். உங்கள் வண்டியில் அந்த போல்ட் இல்லையென்றால் பெடலை வளைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். (பழைய புல்லட்காரர்களுக்கு பிரேக் இடது காலில். அவர்களிடம் ஆலோசனை கேட்டால் முதலில் எந்தக் கால் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

உயரம் முடிந்த பிறகுதான் ப்ளே. பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை பெடல் நுனி சும்மா இறங்கும் தூரம், இந்த வகை வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர். அதைக் கூட்டிக் குறைப்பது பின்சக்கரத்தின் அருகே, பிரேக் ராடின் வால்முனையில் இருக்கும் நட்டு. வலப்பக்கம் திருப்பினால் ப்ளே குறையும். அந்த நட்டின் உள்முகத்தைப் பாருங்கள், பிறைபோல ஒரு குழி இருக்கும். அது பிரேக் ஆர்மில் உள்ள உருளைப் பின்னின் மேல் அணைந்து உட்கார வேண்டும். உட்காராமல் மேட்டில் விட்டுவிட்டால், ஓட்ட ஓட்ட நட்டு தானே நகர்ந்து குழியில் விழும், நீங்கள் வைத்த அளவு போய்விடும். "நேத்துதான் டைட் வெச்சேன்" என்ற புலம்பலில் பாதி இந்தக் குழியில்தான் இருக்கிறது.

டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்து மறுபடி ப்ளேயைப் பாருங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது அளவு சற்று மாறும். செயினை முடுக்கினாலும் அப்படித்தான். சக்கரம் பின்னால் போகும், ராடு இழுபடும், ப்ளே குறைந்து பிரேக் உரசும். செயின் வேலை பார்த்துவிட்டு பிரேக்கைப் பார்க்காமல் அனுப்பும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

கடைசியாக பிரேக் லைட் சுவிட்ச். ஒரு சிறு ஸ்பிரிங் வழியாகப் பெடலோடு சேர்ந்திருக்கும் என்பதால், பெடல் உயரத்தை மாற்றினால் இதுவும் மாறும். சுவிட்சின் உடலைக் கையால் பிடித்துக்கொண்டு அதன் நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருகினால் ஒயர் முறுக்கி அறுந்துபோகும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும்.

இனி மாதாமாதம் லூஸாகும் கதை. டிரம் பக்கம் குனிந்து பாருங்கள். பிரேக் ஆர்மோடு ஒரு அம்புக்குறியும், பக்கத் தகட்டில் ஒரு அடையாளமும் இருக்கும். யாராவது பெடலை முழுக்க அமுக்கும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் உள்ளே பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, நட்டுக்கு அங்கே வேலையில்லை. சில இடங்களில் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருவார்கள். பெடல் உடனே கெட்டியாகிவிடும், செலவும் மிச்சம். ஆனால் உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மேல் திரும்பி, பெடலை விட்டாலும் மீளாமல் சிக்கிக்கொள்ளலாம். ஓடும்போது சக்கரம் லாக் ஆனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வண்டியிலும் இந்த வைத்தியம் நடந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். அப்படி மாற்றியிருந்தால் அந்த அம்பையும் நம்ப முடியாது. டிரம்மைத் திறந்து ஷூவைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே படிந்த தூசியை வாயால் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கட்டும்.

இவ்வளவும் சாதாரண டிரம்முக்கு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகள் பலவற்றில், பின் பெடலை அமுக்கினாலே முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். அவற்றில் கேபிள் ஒன்று கூடுதல், வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள். டிஸ்க்கில் பெடல் ஆழமாக இறங்கினால் நட்டைத் தேடவே வேண்டாம், ஆயிலையும் பேடையும் பாருங்கள்.

புது ஷூ போட்டால் அது டிரம்மோடு படிய சில நாள் ஆகும். அதுவரை நிதானமாக ஓட்டி, பிறகு ஒருமுறை ப்ளேயை அளந்து நட்டைத் திருத்துங்கள். டிரம்மைத் திறந்தபோது ஷூ எந்த நிலையில் இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தியாளர்