பார்சலில் கசகசா இருக்கிறதா?



துபாய், ரியாத், தோஹா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன பிள்ளைகளுக்கு எர்ணாவூரிலிருந்து பார்சல் போகாத மாதமில்லை. பெருநாள் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். குருமாப் பொடி, ஊறுகாய், அத்தாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் மிச்சமிருந்த ஒரு அட்டை என்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்விடும். இதில் இரண்டு பொருள்கள் மகனை ஜெயிலுக்கே அனுப்பக்கூடியவை.

ஒன்று, குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்த கசகசா. அபின் எடுக்கிற அதே செடியின் விதைதான் அது. நம் நாட்டில் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தடை செய்யப்பட்ட பொருள். "சமையலுக்குத்தான் கொடுத்தேன்" என்று அம்மா இங்கிருந்து சொல்வது அங்கே விசாரணை அதிகாரியின் காதுக்கு எட்டாது. கடையில் வாங்கும் மசாலா பாக்கெட்டிலும் இருக்கலாம், பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். (சர்பத்தில் போடும் சப்ஜா விதை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு.)

இரண்டாவது, மாத்திரை. டிரமடால், கோடின் கலந்த வலி மற்றும் இருமல் மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. அந்நாட்டு அரசின் முன் அனுமதி இல்லாமல் அவற்றைக் கொண்டுபோகக் கூடாது. பிறர் பெயரில் எழுதிய சீட்டோடு, அட்டையில் பாதி கிழித்த மாத்திரைகளை அனுப்புவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

தபாலில் அனுப்பினால் செலவாகும் என்று ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவதும் நம்மிடையே வழக்கம். 2019இல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதியர் கத்தாருக்குப் போனார்கள். உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொதியில் ஹஷீஷ் இருந்தது. இருவருக்கும் பத்தாண்டு சிறைத் தண்டனை. மனைவி அப்போது கர்ப்பிணி, குழந்தை சிறையிலேயே பிறந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று நிரூபித்து 2021இல்தான் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். அமானிதம் என்று வாங்கிக்கொள்கிறவர், கொடுப்பவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து வாங்கினால் அதில் கோபப்பட ஒன்றுமில்லை. கொடுப்பவரே பிரித்துக் காட்டிவிடுவது இன்னும் நல்லது.

தபாலில் அனுப்பும்போது சிஎன் 22 என்ற சுங்க அறிவிப்புப் படிவம் உண்டு. மதிப்பு அதிகமானால் சிஎன் 23. அதில் "உணவுப் பொருள்", "துணிமணி" என்று பொதுவாக எழுதாதீர்கள். பருத்திச் சட்டை 2, எடை இவ்வளவு, விலை இவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் அக்கம்பக்கத்து ஆலோசனை வேண்டாம். அது பொய் அறிவிப்பு. பார்சல் தொலைந்துபோனால் நஷ்டஈடும் அந்தக் குறைந்த விலைக்கு மேல் கேட்க முடியாது.

அங்கிருந்து இங்கே வரும் பார்சலின் கதை வேறு. முன்பு 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு வரி கிடையாது. வெளிநாட்டு இணையக் கடைகள், குறிப்பாகச் சீனாவிலிருந்து விற்றவை, விற்ற சரக்கையே "அன்பளிப்பு" என்று ஒட்டி அனுப்பி வரியைத் தப்பித்தன. அதனால் 2019 டிசம்பர் 12 அன்று மத்திய அரசு அந்தச் சலுகையை நிறுத்தியது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விதிவிலக்கு. யாரோ செய்த தில்லுமுல்லுக்கு, தங்கைக்குக் கைக்கடிகாரம் அனுப்பும் அண்ணன் வரி கட்டுகிறான்.

முழு வரியையும் கட்டினால் அன்பளிப்பு வரத் தடையில்லை. வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்க அதிகாரி மதிப்பிடுவார். அடிப்படைச் சுங்கவரி, அதன்மேல் ஐஜிஎஸ்டி என்று சேரும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, ஆகவே போன வருடக் கணக்கை நம்ப வேண்டாம். தபால்காரர் வாசலில் பணம் கேட்கும்போது அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. மதிப்பீட்டுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விலை தவறாகப் போடப்பட்டிருந்தால், மகன் அங்கே வாங்கிய கடை பில்லின் நகலைக் காட்டிச் சுங்கத் துறையிடம் எழுத்தில் கேட்கலாம். அதனால் பொருள் வாங்கிய அன்றே பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.