பி.ஆர். விருதுக்கு என்ட்ரி அனுப்பப் போகிறீர்களா?

வருஷம் முழுக்க ஓடியாடி வேலை பார்த்துவிட்டு, விருதுக்கான என்ட்ரியைக் கடைசி இரண்டு ராத்திரியில் எழுதுவதுதான் நம் பி.ஆர். அலுவலகங்களின் வழக்கம். எழுதி எழுதித் தோற்றும், சில தடவை ஜெயித்தும் நான் கற்றுக்கொண்டவை இவை.

1. பிரசாரம் தொடங்கும் அன்றே விருதுக்கென்று ஒரு ஃபைல் திறந்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு பழைய சுவரைப் படம் எடுக்க முடியாது. தொடங்குமுன் நிலைமை எப்படி இருந்தது, எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதையெல்லாம் தேதியோடு அதில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து இவை தேடினாலும் கிடைக்காது.

2. குறிக்கோளில் எண் இருக்கட்டும். ‘ரத்த தானம் பற்றி விழிப்புணர்வை ஏற்படுத்துதல்’ என்று எழுதினால் நடுவர் எதை வைத்து மார்க் போடுவார்? ‘முகாமுக்கு 400 பேர் வந்துகொண்டிருந்தார்கள், மூன்று மாதத்தில் 600 ஆக்க வேண்டும்’ என்று எழுதினால் அளக்க ஒரு கோல் கிடைக்கிறது. 580தான் வந்தது என்றாலும் பரவாயில்லை, அப்படியே எழுதுங்கள். ஏன் 20 குறைந்தது என்று ஒரு வரி சேர்த்தால் மற்ற எண்களையும் நடுவர் நம்புவார்.

3. கட்டிங்குகளை ஸ்கேல் வைத்து அளந்து, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, ‘இத்தனை கோடி ரூபாய் மதிப்புள்ள கவரேஜ்’ என்று போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நானும் பல வருஷம் அதைச் செய்தவன்தான். கிளையன்ட்டுக்கு அந்த எண் இனிக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2010-இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டு நிபுணர்கள், விளம்பரக் கட்டணத்துக்கு ஈடாகச் சொல்லப்படும் தொகை மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். ‘பார்சிலோனா கோட்பாடுகள்’ என்பது அதன் பெயர். விஷயம் தெரிந்த நடுவர் இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். 80 பத்திரிகைகளில் செய்தி வந்தது என்பது நீங்கள் செய்த வேலைக்குக் கணக்கு. அதைப் படித்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? போன் செய்தார்களா, தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா, புகார் குறைந்ததா? பரிசு அந்தப் பதிலுக்குத்தான்.

4. உங்கள் பிரசாரத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா பாருங்கள். கான் லயன்ஸ் விழாவில் பி.ஆர். பிரிவு முதன்முதலாக வந்தது 2009-இல். அதன் முதல் கிராண்ட் பிரீயைத் தட்டிச் சென்றது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சுற்றுலாத் துறைக்காக நடந்த ‘உலகிலேயே சிறந்த வேலை’ பிரசாரம். ஹாமில்டன் தீவில் தங்கி, பவளத் திட்டுகளைச் சுற்றிப் பார்த்து எழுத ஆறு மாத வேலை, சம்பளம் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர். விண்ணப்பமாக ஒரு நிமிட வீடியோ. விஷயம் அவ்வளவுதான். 34,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. நம் என்ட்ரியைச் சொல்லவே பத்து நிமிஷம் பிடிக்கிறது என்றால், எழுத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ஐடியாவையே இன்னொரு தடவை பாருங்கள்.

5. சுருக்கத்துக்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்தின் சில்வர் ஆன்வில் விருதுக்கு இரண்டு பக்கச் சுருக்கம்தான் உயிர்நாடி. ஆய்வு, திட்டம், செயல்பாடு, மதிப்பீடு என்ற நான்கும் அதற்குள் அடங்க வேண்டும். நம் ஆட்கள் ஒன்றே முக்கால் பக்கத்தைச் செயல்பாட்டுக்கே கொடுத்துவிடுவார்கள்: யார் குத்துவிளக்கு ஏற்றினார், யார் பொன்னாடை போர்த்தினார் என்று. ஆய்வுக்கும் மதிப்பீட்டுக்கும் சரிபாதி இடம் ஒதுக்குங்கள்.

6. பிரிவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே என்ட்ரியை நான்கு பிரிவுக்கும் அப்படியே அனுப்புவது கட்டணத்துக்குத்தான் கேடு. சமூகப் பொறுப்புப் பிரிவில் பயனடைந்த மக்கள் முன்னால் நிற்க வேண்டும், நெருக்கடி மேலாண்மைப் பிரிவில் முதல் சில மணி நேரம். அலுவலக இதழ், ஆண்டறிக்கை என்று தனிப் பிரிவுகளும் உண்டு. அங்கே கூட்டம் குறைவாக இருந்தால் நல்லதுதானே!

7. ஆய்வு என்றதும் பெரிய ஏஜென்சியை அமர்த்த வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் ஐம்பது பேரிடம் கேட்டதும் ஆய்வுதான். எத்தனை பேரிடம், எங்கே, எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

8. இணைப்புகளுக்கு எண் கொடுங்கள். ‘பார்க்க: இணைப்பு 4’ என்று எழுதினால், நான்காவதாக அதுவே இருக்க வேண்டும். அறுபது கட்டிங்கை அள்ளிப் போடாமல் ஆறு போடுங்கள்.

9. அனுப்புமுன், இந்த வேலையில் தொடர்பே இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஒரு தடவை நாங்கள் அனுப்பிய பிடிஎஃப்பில், மஞ்சள் பூசிய ஒரு வரி அப்படியே போய்விட்டது: ‘இங்கே நல்லதா ஒரு நம்பர் போடவும்’. ஆறு பேர் படித்து ஓகே சொன்ன ஃபைல் அது. அந்த வருஷம் இறுதிப் பட்டியலில்கூட நாங்கள் இல்லை.

10. கிளையன்ட்டின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். ‘போட்டுக்கங்க சார், பரவாயில்லை’ என்று போனில் சொன்னவர், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ‘விற்பனை எண்ணை மட்டும் எடுத்துடுங்க’ என்பார். அதை எடுத்தால் மூன்றாவது குறிப்பில் சொன்ன பதிலே போய்விடும். இந்த வருஷம் அனுப்புவதாக இருந்தால், இன்றைக்கே ஒரு மெயில் தட்டிக் கேட்டுவிடுங்கள்.