தொப்புள்கொடி சேரும் இடம்



பிரசவ வார்டைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் மகிழ்ச்சியான செய்திகளையே உங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். இம்மடலில் ஒரு பாடமாகவே எழுத விரும்புகிறோம். ஒரு சகோதரி எங்களிடம் கேட்ட கேள்வியே இதற்குக் காரணம்.

இரண்டாம் முறை கருவுற்றிருந்த அவர், ஐந்தாம் மாதத்தில் தம் மாமியாருடன் எங்களிடம் வந்தார். தலைப்பிள்ளை வேறோர் இடத்தில் நிறைமாதத்தில் இறந்து பிறந்திருந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லையாம். இலேசாக வலி கண்டது, பனிக்குடம் உடைந்தது, தண்ணீரோடு சிவப்பாக இரத்தமும் வந்தது. அவருக்கு மயக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை. ஆனால் சற்று நேரத்திற்குள் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது.

"கையைத் தூக்கிக் கொடியிலே துணி காயப்போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. பிள்ளைக்குக் கொடி சுற்றிவிட்டது" என்றார் மாமியார். மருமகள் தலைநிமிரவில்லை. மாமியார் சீட்டு வாங்கப் போன நேரத்தில்தான் மெல்லக் கேட்டார்: "நான் செய்த தப்பா சிஸ்டர்? அத்தை சொல்கிறது நிஜமா?"

துணி காயப்போடும் கயிறும் கொடி; குழந்தையைத் தாயோடு இணைப்பதும் கொடி. பெயர் ஒன்றாக இருப்பதால் பிறந்த பயமோ என்னவோ! கழுத்தில் கொடி சுற்றியிருப்பது அபூர்வமல்ல. நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் அதைக் காண்கிறோம். பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். தலை வெளிவந்ததும் விரலால் தூக்கி எடுத்துவிடுவோம். குழந்தை உள்ளே நீந்திப் புரளுவதால் சுற்றுகிறதே தவிர, தாய் கையைத் தூக்குவதால் அல்ல. மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, எண்ணெயில் விழும் குழந்தையின் முகத்தைத் தாய்மாமன் முதலில் பார்க்கும் வழக்கத்தையும் உங்களில் பலர் அறிவீர்கள். அதனால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் தாயின் மேல் பழி சுமத்தும் பேச்சு அப்படிப்பட்டதல்ல.

அந்தச் சகோதரி கொண்டுவந்த பழைய சீட்டுகளில் ஒன்றில், அன்று பிரசவம் பார்த்த நர்ஸ் தம் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். கொடி நஞ்சில் சேராமல் சவ்வில் சேர்ந்திருக்கிறது, சவ்வில் ஓடும் இரத்தக்குழாய் ஒன்று கிழிந்திருக்கிறது என்பதே அது. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் துக்கமான வேளையிலும் நஞ்சை விரித்துப் பார்த்து எழுதி வைத்தாரே, அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இதைச் சற்று விளக்க வேண்டும். நிறைமாதத்தில் தொப்புள்கொடி 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளமிருக்கும். அதற்குள் மூன்று குழாய்கள். தாயிடமிருந்து பிராணவாயுவும் சத்தும் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவருவது ஒன்று. குழந்தையிடமிருந்து திரும்பக் கொண்டுசெல்பவை இரண்டு. மூன்றையும் சுற்றி, நுங்கைப்போல வழவழப்பான கூழ் ஒன்று இருக்கிறது. 1656 ஆம் ஆண்டு இதை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் பெயராலேயே இன்றும் இது வார்ட்டன் கூழ் எனப்படுகிறது. கொடி முறுகினாலும் நசுங்கினாலும் குழாய்கள் எளிதில் அடைபடாமல் காப்பது இந்தக் கூழ்தான். கொடியில் மெய்யாகவே முடிச்சு விழுந்த குழந்தைகளும் அநேகமாக நலமாய்ப் பிறப்பதற்கு இது ஒரு காரணம்.

வழக்கமாகக் கொடி நஞ்சின் நடுவிலோ நடுவுக்குச் சற்றுத் தள்ளியோ போய்ச் சேரும். நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய ஒன்றில் அது நஞ்சை எட்டாமல் பனிக்குடச் சவ்விலேயே சேர்ந்துவிடுகிறது. அங்கிருந்து குழாய்கள் கூழின் காப்பின்றி, வெறும் சவ்வின்மேல் ஓடி நஞ்சை அடைகின்றன. இரட்டைக் கர்ப்பங்களில் இது அதிகம். ஆரம்ப மாதங்களில் நஞ்சு நல்ல இரத்த ஓட்டம் உள்ள பக்கமாக வளர்ந்து மறுபக்கம் சுருங்கிப்போவதால் கொடி ஓரத்தில் விடுபடுகிறது என்று கருதுகிறார்கள். ஈரம் உள்ள பக்கம் வேர் ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் செய்ததும் செய்யாததும் இதில் எதுவுமில்லை.

இப்படிச் சேர்ந்தாலும் பலருக்குத் தீங்கின்றி முடிந்துவிடும். சிலருக்குக் குழந்தையின் வளர்ச்சி குறையலாம். உண்மையான அபாயம், அந்தக் காப்பற்ற குழாய்கள் கர்ப்பப்பை வாயின் மேலே, குழந்தையின் தலைக்கு முன்னால் குறுக்கே கிடக்கும்போதுதான். இதற்கு வாசா பிரீவியா என்று பெயர். வழியில் முன்னே கிடக்கும் குழாய்கள் என்று பொருள். சுமார் 2,500 பிரசவங்களுக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களிடமும், நஞ்சு கீழே இறங்கியிருப்பவர்களிடமும், நஞ்சு இரண்டு துண்டாக அமைந்தவர்களிடமும் இது இன்னும் அதிகம்.

பனிக்குடம் உடையும்போது சவ்வோடு சேர்ந்து குழாயும் கிழியலாம். அப்போது வரும் இரத்தம் தாயுடையதல்ல, குழந்தையுடையது. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். சாதாரணப் பிரசவத்தில் ஒரு தாய் அரை லிட்டர் வரை இரத்தம் இழந்தாலும் தாங்கிக்கொள்கிறாள். மூன்று கிலோ குழந்தையின் உடலிலோ மொத்த இரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான். ஒரு டம்ளர் இரத்தம் போனாலே உயிர் போய்விடும். தாயின் நாடியும் இரத்த அழுத்தமும் நன்றாயிருக்கும், வலியும் கூடியிராது. ஆகவே பக்கத்தில் இருப்பவர்கள் "கொஞ்சம்தானே பட்டது" என்று ஏமாந்துபோகிறார்கள். வந்தது யார் இரத்தம் என்று கண்டறிய ஒரு சோதனை உண்டு. காரத்தைச் சேர்த்தால் பெரியவர்களின் இரத்தம் நிறம் மாறும்; சிசுவின் இரத்தம் இளஞ்சிவப்பாகவே நிற்கும். ஆனால் நிமிடங்களில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டிய வேளையில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஆகவே முன்கூட்டி அறிவதே வழி. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில் 155 வாசா பிரீவியா கர்ப்பங்களைப் பார்த்தார்கள். பிரசவத்திற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 97 பேர் பிழைத்தார்கள். கண்டுபிடிக்கப்படாதவர்களில் 44 பேர்தான். நோய் ஒன்றே, தெரிந்ததும் தெரியாததுமே வித்தியாசம்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் கொடி நஞ்சில் எங்கே சேருகிறது என்று தேடுவதற்குப் பெரும்பாலும் ஓரிரு நிமிடம் போதும். சந்தேகம் இருந்தால், இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனைப் பிறப்புறுப்பு வழியாகச் செய்து உறுதிப்படுத்தலாம். (நாங்கள் திரையை உற்றுப் பார்க்கும்போது, ஆணா பெண்ணா என்று பார்ப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அதைச் சொல்வது 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நாங்கள் சொல்வதில்லை.) நஞ்சு முன்சுவரிலா பின்சுவரிலா என்று எழுதுகிற ஸ்கேன் அறிக்கைகள் பலவற்றில் கொடி சேரும் இடம் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. எல்லாத் தாய்மாருக்கும் வாசா பிரீவியாவைத் தேடவேண்டுமா என்பதில் மருத்துவர்கள் ஒருமனப்படவில்லை. ஆபத்தில்லாத சிலரைப் பயமுறுத்தி, குழந்தையைக் குறைமாதத்தில் எடுக்க நேரிடும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. அந்த ஒரு வரியையாவது எல்லாருக்கும் எழுதலாம் என்பது எங்கள் எண்ணம்.

கண்டுபிடித்தபின் செய்யவேண்டியது கடினமானதல்ல. மீண்டும் ஸ்கேன் செய்து பார்க்கிறோம். கர்ப்பப்பை வளர வளரச் சிலருக்குக் குழாய்கள் விலகிப்போவதும் உண்டு. விலகாவிட்டால், குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, மருத்துவமனையிலோ அதன் அருகிலோ தங்கவைத்து, வலி தொடங்குமுன் 34 வாரத்திற்கும் 37 வாரத்திற்கும் இடையில் சிசேரியன் செய்வார்கள். பனிக்குடத்தை உடைத்துவிட மாட்டார்கள்.

அந்தச் சகோதரிக்கு ஸ்கேன் செய்தபோது கொடி நஞ்சின் நடுவிலேயே சேர்ந்திருந்தது. அந்த இடத்தைத் திரையில் சுட்டிக்காட்டி, பழைய சீட்டில் உள்ளதையும் வாசித்து, இருவருக்கும் விளக்கினோம். மாமியார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் புறப்படும்போது, "பனிக்குடம் உடைந்து சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே வரவேண்டும்" என்று நாங்கள் சொன்னதை இரண்டுமுறை திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

நிறைமாதத்தில் சுகப்பிரசவமாயிற்று. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. தலை வந்ததும் எடுத்துவிட்டோம். நஞ்சைத் தட்டில் வைத்துப் பரிசோதிக்கும்போது பாட்டியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொடி சேர்ந்த இடத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்கு இப்படி இல்லையா சிஸ்டர்?"

"இல்லை அம்மா. சவ்வில் சேர்ந்திருந்தது."

"அவள் துணி காயப்போட்டதாலே இல்லையே?"

"இல்லை அம்மா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருமகள் படுத்திருந்த கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.