மூன்று எண்கள்: ஒரு குழு விளையாட்டு

இடம்பெயர்ந்து புதிய மண்ணில் பயிர்வைக்கத் தொடங்கியிருக்கும் நீங்கள், உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த விளையாட்டை நடத்திப் பாருங்கள். எல்லோரும் வட்டமாக அமரட்டும். ஒரு துண்டுக் கடதாசி போதும்.

நடத்துபவர் அதில் ஒரு விதியை எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். "2, 4, 6 ஆகிய எண்கள் இவ்விதிக்குப் பொருந்தும். நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள். பொருந்துமா, பொருந்தாதா என்று மட்டும் சொல்வேன். விதி நிச்சயமாகத் தெரிந்தபின் அதைக் கூறுங்கள்" என்கிறார்.

ஹற்றன் பக்கத்தில் நான் இதை நடத்தியபோது ஒருவர் 8, 10, 12 என்றார். பொருந்தும். இன்னொருவர் 20, 22, 24 என்றார். அதுவும் பொருந்தும். உடனே எல்லோரும், "இரண்டிரண்டாகக் கூடவேண்டும்!" என்றார்கள். இல்லை என்றதும் திகைத்துப்போனார்கள். ஓரத்தில் இருந்த பாட்டி ஒருவர்தான், "மூணு, ஏழு, நூறுன்னு சொன்னா வருமா சாமி?" என்று கேட்டார். வரும். ஒவ்வோர் எண்ணும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும், விதி அவ்வளவுதான்.

பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் இச்சோதனையின் முடிவுகளை 1960இல் வெளியிட்டார். பல்கலைக்கழக மாணவர் 29 பேரில் 6 பேரே முதல்முறையிலேயே சரியாகக் கூறினர். ஆகவே இது படிப்புக் குறைவல்ல. நாம் நம்பியதற்கு "ஆம்" என்று பதில் வரும் கேள்வியையே மனம் தேடுகிறது. "இல்லை" என்று வரக்கூடியதைக் கேட்பதில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுள் புதைந்தன. அங்கிருந்து அகலும்படி 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எத்தனையோ மழை கண்ட மலைதானே என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் உண்டு. ஒவ்வொரு மழை ஓய்ந்ததும் அது இன்னொரு "பொருந்தும்" ஆகிவிடுகிறது. ஆனால் மனதை மட்டும் குறைசொல்வது அநியாயம். சொந்த நிலமற்ற லயத்து மக்களுக்குப் போக இடம் காட்டாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

இனி இரண்டாம் சுற்று. "நாம் குடியிருக்கும் சரிவு உறுதியானது" என்று எழுதி நடுவில் வையுங்கள். இது பொய்யானால் எவற்றைக் காண்போம் என்று ஆளுக்கொன்று சொல்லட்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று. பிறகு மழையில்லாத பகற்பொழுதில் எல்லோருமாகச் சென்று பாருங்கள். ஒன்றையேனும் கண்டால் அன்றே கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றைக் குழுவிடம் வைத்திருங்கள்.