தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு: டி.சி. வரவில்லை என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள்

காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் துறைமுகத்தையும் அனல்மின் நிலையங்களையும் நம்பியிருக்கும் பல வீடுகளில் ஒப்பந்த வேலைதான் வருமானம். வேலை நின்றால் முதலில் தடுமாறுவது தனியார் பள்ளிக் கட்டணம். சரி, அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று போய்க் கேட்டால், “பாக்கியைக் கட்டிட்டு டி.சி. வாங்கிக்கோங்க” என்று சில இடங்களில் பதில் வருகிறது. பல பெற்றோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்கத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 5-ஆவது பிரிவுப்படி, 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை எந்தக் காரணத்துக்காகவும் அரசுப் பள்ளிக்கு மாறலாம். கேட்டவுடன் மாற்றுச் சான்றிதழ் தர வேண்டியது தலைமையாசிரியரின் கடமை. அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல டி.சி.; கட்டண பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது. அதற்காகப் பாக்கி தள்ளுபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பள்ளி அதைச் சட்டப்படி பெற்றோரிடம் கேட்கலாம். பிள்ளையின் படிப்பைப் பிடித்துவைக்கத்தான் முடியாது.

எந்த வகுப்பில் மாற்றுவது?

மாற்றுவது என்று முடிவானால், 6-ஆம் வகுப்பு நல்ல நேரம். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இந்த ஏழு வருடப் படிப்பைத்தான் பார்க்கின்றன. “9-ஆம் வகுப்பில் மாத்திக்கலாம்” என்று தள்ளிப்போட்டால் பொதுவாக இவை கை நழுவும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விலக்கு உண்டு.

பாடம் மாறுமா?

மெட்ரிக் பள்ளியில் படித்தவருக்குப் பாடநூல் மாறாது. 2011 முதல் சமச்சீர்க் கல்விதான். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு, சேரும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். சி.பி.எஸ்.இ.யிலிருந்து வந்தால் தமிழில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்படும். 10, 12-ஆம் வகுப்புகளில் நடுவருடம் மாற்றுவதைத் தவிருங்கள்.

செய்ய வேண்டியவை

1. பழைய பள்ளியில் டி.சி. கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஒப்புகை வாங்குங்கள்; தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

2. மதிப்பெண் அட்டையில் உள்ள எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி இணையதளத்தில் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி அதில் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியும். விடுவிக்காவிட்டால் புதிய பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.

3. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல்களைக் கொண்டுபோங்கள். வயதுச் சான்று கைவசம் இல்லை என்பதற்காக 8-ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது.

4. பள்ளிக்குப் போகும் வழியையும் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை இது. இலவச பஸ் பாஸ் உண்டு. பேருந்து நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள்.

தடை வந்தால்?

கல்வி உதவி எண் 14417-ஐ அழையுங்கள், அல்லது முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பகுதிகள் திருவள்ளூர் மாவட்டம்; எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் சென்னை மாவட்டம். டி.சி. தராத பள்ளி எந்தக் கல்வி அலுவலகத்தின் கீழ் வருகிறதோ, அந்த அலுவலகத்துக்குத்தான் மனு போக வேண்டும். விண்ணப்ப நகலையும் ஒப்புகையையும் சேர்த்துக் கொடுங்கள். மனு நடக்கிற நாட்களிலும் பிள்ளை புதிய வகுப்பில் உட்கார்ந்திருக்கட்டும்.