மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஒரு கேலக்சியைப் படம் பிடிக்க முடியுமா?

மாணவர்களே, இரவில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கடை விளக்கும் தெரு விளக்கும் விளம்பரப் பலகையும் சேர்ந்து வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடுகின்றன. ஆனாலும் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள சென்டாரஸ் ஏ என்ற கேலக்சியின் ஒளி அங்கேயும் வந்து விழுகிறது. அதை எப்படிப் பிரித்தெடுப்பது?

நமக்குள்ள வசதி

சென்டாரஸ் ஏ, வான நடுக்கோட்டுக்கு 43 பாகை தெற்கே உள்ளது. கோலாலம்பூர் 3 பாகை வடக்கே உள்ளது. எனவே அது தெற்கு வானில் எட்டும் உச்ச உயரம்:

90 − 43 − 3 = 44 பாகை

கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால், அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. தெற்குத் தொடுவானிலிருந்து நான்கு முஷ்டிக்குச் சற்று மேலே தேடுங்கள். மே மாத நடுவில், இரவு 11 மணியளவில் அது உச்சிக்கு வரும். 51 பாகை வடக்கிலுள்ள லண்டனில் இந்தக் கேலக்சி உதிப்பதே இல்லை!

நமக்குள்ள தடை

தடை தொலைவு அல்ல, ஒளித் தூய்மைக்கேடு. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு படத்தின் ஒரு படப்புள்ளியில் நகர வானத்திலிருந்து 1000 ஒளித்துகள்களும் கேலக்சியிலிருந்து 10 ஒளித்துகள்களும் விழுகின்றன. ஒளித்துகள்கள் மழைத்துளிபோல ஒழுங்கின்றி விழுவதால் எண்ணிக்கை கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம், மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். இங்கே ஏறக்குறைய 32. அதற்குள் 10 மறைந்துவிடும்.

இப்போது 100 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கேலக்சியின் பங்கு 1000 ஆகும். ஏற்ற இறக்கமோ 320 அளவுக்குத்தான் உயரும். எங்கும் சீராகப் பரவியுள்ள வான ஒளியைக் கணினியில் கழித்துவிட்டால், கேலக்சி மங்கலான திட்டாக வெளிப்படும்.

செய்முறை

1. நிலவில்லாத, மேகமில்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள்.
2. கேமராவை முக்காலியில் பொருத்துங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும்.
3. ஒரு படத்துக்கு 5 விநாடி. பூமி சுழல்வதால், அதற்கு மேல் போனால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும்.
4. சில நூறு படங்கள் எடுத்து, டீப் ஸ்கை ஸ்டேக்கர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்குங்கள்.

முதல் முயற்சியை இருண்ட இடத்தில் செய்வது நல்லது. வானாய்வகம் உள்ள போர்ட் டிக்சன், தெலுக் கெமாங் பக்கம் பெற்றோருடன் போனால், தென்மேற்கே கடல். நகர விளக்குகளும் குறைவு.

இதனால் என்ன பயன்?

1986 மே மாதம் சென்டாரஸ் ஏ கேலக்சியில் ஒரு நட்சத்திரம் வெடித்துப் பிரகாசித்தது. அதை முதலில் கண்டவர் ராபர்ட் எவன்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பொழுதுபோக்கு வானியலர். அவர் தொலைநோக்கியில் கண்ணாலேயே பார்த்துக் கண்டுபிடித்தார். ஒரே கேலக்சியை விடாமல் கவனிப்பவருக்குத்தான் அதில் புதிதாகத் தோன்றும் புள்ளி தெரியும். நீங்கள் எடுக்கும் படத்தைத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. 100 படங்களுக்குப் பதில் 400 படங்களை அடுக்கினால், கேலக்சி எத்தனை மடங்கு தெளிவாகத் தெரியும்? நான்கு மடங்கா, இரண்டு மடங்கா?
2. வான ஒளி 1000-லிருந்து 25 ஆகக் குறைந்த இருண்ட ஊரில், ஒரே படத்தில் கேலக்சி தெரியுமா? கணக்கிட்டுப் பாருங்கள்.